பன்னிரண்டு ஆம்ப்ஸில் வழவழப்பு

பானுப்பிரியாவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஆய்வுப் பத்திரிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது ஒரு திங்கட்கிழமை. அந்த வியாழக்கிழமை, கட்டுரையில் தான் எழுதியது உண்மைதானா என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. மதுரை ரோட்டில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறாள். அப்பா சென்னய்யா அருப்புக்கோட்டையில் நாலு விசைத்தறி போட்டிருக்கிறார். வீட்டுக்குள் கன்னடம், வாசல்படி தாண்டினால் தமிழ். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு கட்டுரைகள் வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். ஒன்று போன வருடம் வந்துவிட்டது. இது இரண்டாவது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கடினமாக்கிய எஃகில் பள்ளம் தோண்டுவது. சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்கிவிட்ட எஃகில் சாதாரண வெட்டுக் கருவி இறங்காது. அதற்கென்று இருப்பதுதான் ஸ்பார்க் மிஷின். எண்ணெய்த் தொட்டிக்குள் எஃகுத் துண்டை முக்கி வைத்து, மேலிருந்து ஒரு செம்புக் கட்டையை மயிரிழை இடைவெளி விட்டு இறக்கினால் இரண்டுக்கும் நடுவே நொடிக்கு ஆயிரக்கணக்கில் மின்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு துணுக்கை உருக்கித் தள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பின் வடிவம் எஃகில் பள்ளமாக இறங்கிவிடும். எவ்வளவு மின்சாரம் விடுவது, ஒரு பொறி எவ்வளவு நேரம் எரிவது, அடுத்த பொறிக்கு முன் எவ்வளவு ஓய்வு கொடுப்பது என்று மூன்று விஷயங்கள் இயக்குபவர் கையில் இருக்கின்றன. மூன்றையும் எப்படி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும், பள்ளத்தின் அடியும் வழவழப்பாக வரும் என்பதுதான் அவளுடைய கேள்வி.

ஒன்று கிடைத்தால் மற்றது போகும் என்பது தெரிந்த விஷயம். மின்சாரத்தைக் கூட்டினால் வேகம் கூடும், கூடவே சொரசொரப்பும் கூடும். அவள் வகுப்பில் நடத்துவதும் அதைத்தான். ஆனால் அவளுடைய ஒன்பது எஃகுத் துண்டுகள் வேறு மாதிரிச் சொல்லின. ஆறு ஆம்ப்ஸ், ஒன்பது ஆம்ப்ஸ், பன்னிரண்டு ஆம்ப்ஸ் என்று மூன்று அளவில் செய்து பார்த்ததில், பன்னிரண்டு ஆம்ப்ஸில் ஓடிய துண்டுகளே சீக்கிரமும் முடிந்திருந்தன, வழவழப்பாகவும் இருந்தன. மதுரையில் ஒரு சோதனைக் கூடத்தில் கொடுத்து அளந்து வாங்கிய எண்கள் அவை. முதலில் அவள் நம்பவில்லை. இரண்டாம் முறை அளக்கச் சொன்னாள். அதே எண்கள் வந்தன. வழிகாட்டிப் பேராசிரியர் அட்டவணையை வெகு நேரம் பார்த்துவிட்டு, இதுதாம்மா புதுசு, இதையே எழுது என்றார்.

பத்திரிகைக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மிகச் சிறந்தது என்று அவள் சொன்ன அளவுகளை வைத்து இன்னொரு துண்டை ஓட்டி, அதன் படத்தையும் எண்ணையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஜெகதீஸ்வரனின் பட்டறைக்குப் போனாள்.

பட்டறை திருச்சுழி ரோட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. தறிக்கான சின்னச் சின்னத் தகட்டுச் சாமான்களை அடித்தெடுக்கும் அச்சுகள் அங்கே தயாராகும். ஜெகதீஸ்வரனுக்கு அவளுடைய அப்பாவைப் பல வருடப் பழக்கம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷினைத் தந்திருந்தார். மிஷினை ஓட்டுவது தங்கமாரி. பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற, நாற்பது வயதைத் தாண்டிய பெண். பதினோரு வருடமாக அந்த மிஷினில்தான் இருக்கிறாள். ஒன்பது துண்டுகளையும் ஓட்டியது அவள்தான். எண்ணெய்ப் புகையில் பானுவுக்குத் தலைவலி வந்துவிடும். அளவுகளைச் சொல்லி, வைப்பதைப் பார்த்துவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். முடிந்ததும் தங்கமாரி வந்து கூப்பிடுவாள். பானு நேரத்தைக் குறித்துக்கொண்டு, துண்டைத் துடைத்து எடை போடுவாள்.

அந்த வியாழக்கிழமை தங்கமாரி இல்லை. இரண்டு நாள் முன்னால் நல்ல மழை பெய்திருந்தது. பருத்தி விதை ஊன்றப் போய்விட்டாள், செவ்வாய்க்கிழமைதான் வருவாள் என்றார் ஜெகதீஸ்வரன். பானு தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பாடம் நடத்துகிறவளுக்கு மிஷின் தெரியாதா? அது பழைய மிஷின். மின்சாரத்துக்கு வரிசையாகச் சுவிட்சுகள், ஒன்றுக்கு மூன்று ஆம்ப்ஸ். நான்கு சுவிட்சைத் தூக்கிவிட்டாள். பன்னிரண்டு. மற்ற இரண்டு குமிழ்களையும் திருப்பி வைத்தாள். எண்ணெய் மட்டத்தைப் பார்த்தாள். ஓடவிட்டு, முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் கழித்து ஜெகதீஸ்வரன்தான் ஓடிவந்து கூப்பிட்டார். பொறி பறக்கும் சடசடப்பு நின்று, இழுத்துப் பிடித்த மாதிரி ஒரே இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து கருப்பாகப் புகை. நிறுத்தித் துண்டை வெளியே எடுத்தபோது பள்ளத்தின் அடியில் கரி கட்டிப்போய், ஓரத்தில் பொத்தல் மாதிரி ஒரு குழி விழுந்திருந்தது. ஆர்க் அடித்துவிட்டது என்பார்கள் பட்டறையில். பொறி விட்டுவிட்டுப் பறக்காமல் ஒரே இடத்தில் நின்று எரிந்துவிட்டது என்று அர்த்தம். அளந்து பார்க்கவே தேவையில்லை. விரலை வைத்தால் குத்தியது.

அவள் கட்டுரையின் பிரதியைக் கைப்பையிலிருந்து எடுத்து எண்களைச் சரிபார்த்தாள். வைத்தது எல்லாம் சரி. நான்கு சுவிட்சு மேலே இருந்தன. குமிழ்கள் எழுதிய இடத்தில் நின்றன.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். கரண்டாக இருக்கும் என்றார் அவர். நீ முன்னால் ஓட்டியது ஞாயிற்றுக்கிழமை, தறி எல்லாம் நிற்கும், வோல்டேஜ் சீராக இருக்கும். இன்று ஊரே ஓடுகிறது. அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, அதே அளவுகளில் இன்னொரு துண்டை ஓட்டினாள். இந்த முறை பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டரையும் மாட்டி வைத்திருந்தாள். முன்னறையிலிருந்து பத்து நிமிடத்துக்கொரு தடவை எட்டிப் பார்த்தாள். முள் அசையவே இல்லை. நாற்பதாவது நிமிடம் மறுபடியும் அந்த இரைச்சல், மறுபடியும் கரி.

அப்படியானால் எஃகு. பன்னிரண்டு துண்டுகளையும் ஒரே கம்பியிலிருந்து வெட்டி, ஒன்றாகவே கடினமாக்க அனுப்பியிருந்தாள். ஆனால் ஒன்றாக அனுப்பியது ஒன்றாகத்தான் சூளைக்குள் போனதா? திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் கல்லூரிக்குத் தூக்கிப் போய்க் கடினத்தை அளந்தாள். அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. ஒரு குறையும் இல்லை. அப்படியானால் எண்ணெய். வடிகட்டியை மாற்றிவிடும்படி ஜெகதீஸ்வரனுக்குப் போனில் சொன்னாள். அவர் போன மாதம்தானே மாற்றினோம் என்றார், ஆனாலும் மாற்றினார்.

அன்று மூன்றாவது பீரியடில் மின்பொறி இயந்திரத்தைப் பற்றி நடத்த வேண்டியிருந்தது. மின்சாரம் கூடினால் என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். கூடினால் என்ன ஆகும் என்று சொல்வது? புத்தகத்தில் இருப்பதையா, தன் கட்டுரையில் இருப்பதையா, நேற்றுத் தொட்டியிலிருந்து எடுத்ததையா? பெஞ்சில் இருந்தவர்கள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று புத்தகத்தை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை தங்கமாரி வந்துவிட்டாள். பானு மதியம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். கரிந்த துண்டுகளைக் காட்டினாள். தங்கமாரி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரொம்பக் கரிஞ்சிருச்சே டீச்சர். என்ன நம்பரு வச்சீக?"

"அன்னைக்கு உங்களுக்குச் சொன்ன அதே நம்பர்தான்க்கா. நாலு சுவிட்சு."

"அப்பிடியா." தங்கமாரிக்கும் விளங்கவில்லை. "அன்னைக்கு நல்லாத்தான வந்துச்சு."

நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று கடைசித் துண்டைக் கொடுத்தாள் பானு. அளவுகளைச் சொன்னாள். தங்கமாரி வைத்தாள். பானு ஒவ்வொன்றையும் தன் கண்ணால் பார்த்துக்கொண்டாள். நாலு சுவிட்சு மேலே, குமிழ்கள் சரி. பிறகு முன்னறைக்குப் போய் விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். ஒரு தாள்கூடத் திருத்த ஓடவில்லை. அந்த இரைச்சல் எப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை. ஐம்பது நிமிடம் கழித்துத் தங்கமாரி கூப்பிட்டாள்.

பள்ளத்தின் அடி மங்கலான வெள்ளி மாதிரி இருந்தது. விரலை ஓட்டினால் வழுக்கியது.

பானு அந்தத் துண்டையும் கரிந்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே மிஷின், ஒரே எஃகு, ஒரே எண்கள். தான் ஓட்டினால் கரிகிறது, தங்கமாரி ஓட்டினால் வழுக்குகிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. வடிகட்டி மாற்றியதால் இருக்குமோ? ஆனால் முதலில் செய்த ஒன்பதும் பழைய வடிகட்டியில்தானே ஓடின.

ஒன்று தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். வேறு துண்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கரிந்த துண்டையே புரட்டி, பின்பக்கத்தில் ஓட்டச் சொன்னாள். இந்த முறை தலைவலி வந்தாலும் வரட்டும் என்று துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு மிஷின் பக்கத்திலேயே நின்றாள். தங்கமாரி அளவுகளை வைத்து ஓடவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் சத்தம் மாறியது. பானு தங்கமாரியைப் பார்த்தாள். தங்கமாரி பானுவைப் பார்த்தாள். இருவரும் ஒன்றும் செய்யவில்லை. புகை வந்தது. ஜெகதீஸ்வரன் வந்து மிஷினை அணைத்தார்.

கரி.

ஜெகதீஸ்வரன் தலையைச் சொறிந்தார். ஒருவேளை பானுவுக்கு மிஷின் பக்கம் ராசியில்லையோ என்று அரைகுறையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நிமிடம் அவளுமே அப்படி நினைத்துவிட்டாள். நாலு வருடம் படித்துவிட்டு இப்படி நினைக்கும்படி ஆயிற்றே என்று கண் கலங்கியது. தங்கமாரிதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அக்கா, நான் முன்னாடி ரூமுல இருக்கும்போது நீங்க இங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், மிஷின் பக்கத்துல நிப்பேன்."

"நின்னுக்கிட்டு?"

"சத்தத்தக் கேப்பேன். புகையப் பாப்பேன். ஒருமாதிரி இழுத்துச்சுன்னா ஒரு சுவிட்சக் கீழ தள்ளுவேன். பெறகும் இழுத்தா இன்னொண்ணு."

பானுவுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. பிறகு ஏறியது.

"எத்தனை சுவிட்சு?"

"அதென்ன கணக்கு. நாலுல ஆரம்பிச்சா முடிக்கயில ரெண்டுல நிக்கும். சிலதுக்கு ஒண்ணுலயே நிக்கும்."

ஒரு சுவிட்சில் மூன்று ஆம்ப்ஸ். பன்னிரண்டில் ஓடியதாக அவள் எழுதிய துண்டுகள் எல்லாம் பன்னிரண்டில் தொடங்கி மூன்றிலோ ஆறிலோ முடிந்திருக்கின்றன. முதலில் மின்சாரம் அதிகம், அதனால் வேகம். கடைசியில் குறைவு, அதனால் வழவழப்பு. முதலில் கூட்டி வைத்துத் தோண்டு, பிறகு குறைத்து மெருகேற்று என்பது எந்தப் பட்டறையிலும் செய்வதுதான். அவள் உலகத்துக்குப் புதிதாகச் சொல்லியிருந்தது அதைத்தான், அதையும் தப்பாக.

"எதையும் மாத்தாதீங்கன்னு உங்ககிட்ட சொன்னேனேக்கா."

தங்கமாரியின் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி இல்லை, குழப்பம். "மாத்தலயே டீச்சர். நீங்க வைக்கச் சொன்னதத்தான வச்சேன். வச்சத நீங்களே வந்து பாத்தீக. பெறகு ஓடுறதப் பாத்துக்கிட்டேன், அம்புட்டுத்தான். தோட்டத்துல மோட்டாரப் போட்டுட்டு வீட்டுக்கா போயிருவோம்? வரப்பு ஒடையுதான்னு மம்பட்டியோட நிக்க வேணாமா?"

"அப்ப இன்னைக்கு ஏன் கொறைக்கல?"

"நீங்க நிக்கீகள்ல. நீங்க பாத்துக்கிடுவீகன்னு இருந்தேன்."

பானு கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் ஒன்பதில் எதெதற்குக் குறைத்தீர்கள், எத்தனையாவது நிமிடத்தில், எத்தனை சுவிட்சு? தங்கமாரி யோசித்து யோசித்துப் பார்த்தாள். பெரிய நம்பர் எல்லாவற்றுக்கும் குறைத்திருப்பாள். நடு நம்பரில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ குறைத்திருப்பாள். நடந்து எட்டு மாதம் ஆகிறது, எது எதென்று யாருக்கு நினைவிருக்கும்? முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் ஆர்க் அடித்து எண்ணெய் தீப்பிடித்தது, அதிலிருந்து சத்தம் மாறினாலே கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும் என்றாள். பிறகு தயங்கி, தன்னால் டீச்சருக்கு ஏதும் வம்பு வந்துவிட்டதா என்று கேட்டாள். வம்பு யாரால் வந்தது என்று பானுவுக்கும் சொல்லத் தெரியவில்லை. மிஷின் பக்கத்தில் நிற்காதது யார்?

அன்று மாலை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், நல்லா வந்த துண்டு ஒண்ணு இருக்கில்ல என்றார். இருக்கிறது என்றாள். அது அந்த எண்களை வைத்துத்தான் ஓடியது? ஆமாம், வைக்கும்போது அந்த எண்கள்தான். அப்படியானால் அதைப் படம் எடுத்து அனுப்பு, மிச்சத்தை ஆய்வேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏற்றுக்கொண்ட கட்டுரையைத் திருப்பி வாங்குகிறவர்களை அவர் பார்த்ததில்லை. இதை யார் திரும்பச் செய்து பார்க்கப் போகிறார்கள்?

துண்டைப் படம் எடுத்தாள். நல்ல படம். பள்ளத்தின் அடி தெளிவாகத் தெரிந்தது. படம் பொய்யில்லை. அடியில் போட வேண்டிய எண்ணும், வைத்த எண் என்று பார்த்தால் பொய்யில்லை. பிறகு பொய் எங்கே இருக்கிறது என்று தேடினாள். இருந்தது, ஆனால் விரல் வைத்துக் காட்டும்படி ஓர் இடத்தில் இல்லை. மூன்று நாள் அந்தப் படத்தை மின்னஞ்சலில் ஏற்றுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இந்தத் தப்பு வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். பேராசிரியருக்குத் தெரியும், அவர் அனுப்பத்தான் சொல்கிறார் என்றாள். அப்புறம் என்ன என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் தறியை ஓடவிட்டார்.

நாலாம் நாள் பேருந்தில் போகும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு பட்டறைக்காரர் அந்தக் கட்டுரையைப் படித்து, நாலு சுவிட்சைத் தூக்கிவிட்டு, எழுதியிருப்பதை நம்பி அடுத்த அறைக்குப் போய் உட்காருவார். தங்கமாரி சொன்ன தீ நினைவுக்கு வந்தது. அடுத்த நிறுத்தத்துக்குள் கடிதத்தைப் போனிலேயே எழுதிவிட்டாள். அளவுகள் ஓட்டத்தின் நடுவில் மாற்றப்பட்டது எனக்குத் தெரியாது, நான் அருகில் இருக்கவில்லை, அட்டவணை செல்லாது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பினாள். சரியாகத்தான் செய்தோம் என்ற நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். அது வரவில்லை.

பேராசிரியர் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. ஆய்வேட்டுத் தேதி அடுத்த வருடத்துக்குப் போயிற்று. கல்லூரியில் விசாரித்தவர்களுக்கு, திருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

தை பிறந்ததும் பதினெட்டுப் புதுத் துண்டுகளோடு பட்டறைக்கு வந்தாள். ஒன்பதைத் தொடாமல் ஓட்டுவது, ஒன்பதைத் தங்கமாரி இஷ்டப்படி பார்த்துக்கொள்ள விடுவது. இரண்டாவதில் ஒவ்வொரு சுவிட்சும் எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் இறங்கியது என்று பானு பக்கத்திலேயே நின்று எழுதுவாள். தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்கள். தொடாமல் ஓட்டியதில் ஆர்க் அடித்தால் உடனே நிறுத்தி, முடிக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். அப்படி இரண்டு துண்டுகளில் எழுத வேண்டியிருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நின்றாள்.

தொடாமல் ஓட்டியது பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளபடியே வந்தது. தங்கமாரி பார்த்துக்கொண்டவை பெரும்பாலும் அதைவிட நன்றாக வந்தன, ஆனால் எல்லாம் இல்லை. இரண்டில் அவள் தேவைக்கு முன்னாலேயே சுவிட்சைத் தள்ளிவிட்டு, வேலை வீணாக இழுத்தது. தன் தப்பை அட்டவணையில் பார்த்ததும் தங்கமாரிக்கு ஒரே ஆச்சரியம். அந்த இரண்டிலும் சத்தம் மாறியது தனக்கு நன்றாகக் கேட்டது என்றாள். வோல்ட் மீட்டரைப் பார்த்துப் பானு எழுதிய எண்ணில் மாற்றம் எதுவும் இல்லை. எது சரி என்று இரண்டு பேரும் வெகு நேரம் பேசினார்கள்.

எல்லாவற்றையும்விட ஐந்தாவது துண்டுதான் தலையைச் சுற்றவைத்தது. தொடாமல் ஓட்டிய வரிசையில் அது ஒன்பது ஆம்ப்ஸ். யாரும் கை வைக்கவில்லை. பானு கண்ணிமைக்காமல் நின்றாள். அது ஆறு ஆம்ப்ஸ் துண்டைவிட வழவழப்பாக வந்தது. அதே துண்டில் இன்னோர் இடத்தில் திரும்ப ஓட்டினாள், புத்தகப்படி சொரசொரப்பாக வந்தது. மறுபடி ஓட்டினாள், வழவழப்பாக வந்தது. நான்காவது தடவை இரண்டுக்கும் நடுவில் வந்தது. ஜெகதீஸ்வரன் மறுபடி ராசியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

நான்கு எண்களையும் அப்படியே அட்டவணையில் போட்டாள். எழுத உட்கார்ந்தபோது இன்னொன்று இருந்தது. தங்கமாரியின் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்க்க வேண்டும் என்றாள். பேராசிரியர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார். படிப்பு என்னவென்று போடுவாய் என்று கேட்டார். பத்தாம் வகுப்பு என்றாள் பானு. உன் இஷ்டம் என்றார் அவர்.

தங்கமாரியிடம் கேட்டபோது அவளுக்கு வேறு கவலை வந்தது.

"ரேசன் கார்டுல தங்கமாரியம்மாள்னு இருக்கு. ஆதார்ல தங்கமாரி. எதப் போடுவீக?"

"நீங்க எதச் சொல்றீங்களோ அத."

"ரெண்டும் நாந்தான டீச்சர். பெறகு இது வேற பேரு, அது வேற பேருன்னு யாரும் கேட்டுறக் கூடாது."

வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து ஆதாரில் உள்ளபடியே போடச் சொன்னாள். இதனால் பஞ்சாயத்து எதுவும் வராதே என்று கேட்டதற்கு, வராது என்று பானு சொன்னாள்.

கட்டுரை முன்னதைவிடச் சின்னப் பத்திரிகை ஒன்றுக்குப் போனது. மூன்று மாதம் கழித்துப் பரிசீலித்தவரின் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, ஒன்றைத் தவிர. ஐந்தாவது துண்டு நான்கு தடவையும் ஒரே மாதிரி வராததற்குக் காரணம் என்ன? பானு மூன்று பதில்கள் எழுதினாள். கழிவுத் துகள் அடியில் தங்கியிருக்கலாம், செம்புக் கட்டையில் குறை இருக்கலாம், எண்ணெய் ஓட்டம் மாறியிருக்கலாம். ஒவ்வொன்றையும் படித்தால் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. எதற்கும் அவளிடம் ஆதாரம் இல்லை. மூன்றையும் அழித்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினாள்.

ஆடி மாதம் கட்டுரை வெளிவந்தது. அச்செடுத்த தாளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தங்கமாரி மிஷினை நிறுத்தாமலே வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் தன் பெயர் எது என்று கேட்டாள். பானு காட்டினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணெய் படாமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"அந்த அஞ்சாவது என்னாச்சு டீச்சர்? கண்டுபுடிச்சிட்டீகளா?"

"இல்லக்கா."

"நானும் பஸ்ஸுல வரும்போதெல்லாம் அதத்தான் நெனைக்கேன்," என்றாள் தங்கமாரி. தொட்டிப் பக்கம் காதைத் திருப்பி ஒரு கணம் கேட்டாள். ஒன்றும் செய்யாமல் திரும்பினாள். "ஒண்ணும் வெளங்கல."